காலையில் மடங்காத கை

கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் சொத்துக் கணக்கைப் புரட்டிப் பார்த்தால், கட்டடம் இருக்கும். இருப்பிலுள்ள நூலும் துணியும் இருக்கும். மேசை நாற்காலி வரையில் மதிப்பும் தேய்மானமும் கணக்கிட்டு எழுதப்பட்டிருக்கும். இவையனைத்தையும் பயனுள்ளவையாக்குகின்ற அங்கத்தினரின் கைக்கு மட்டும் எந்தப் பேரேட்டிலும் பக்கம் ஒதுக்கப்பட்டதில்லை. தறியில் நாடாவை ஓட்டும் கையும் வயலில் களை பறிக்கும் கையும் ஓய்ந்துவிடுமாயின், மற்றச் சொத்துக்கள் வெறும் தட்டுமுட்டுச் சாமான்களே. அந்தக் கையைப் பற்றியும், அதனை முடக்குகின்ற நோய் ஒன்றைப் பற்றியும், அந்நோயை அடக்க இன்று கிட்டியிருக்கும் வழிகளைப் பற்றியும் சில சொல்ல விரும்புகிறோம். மருத்துவம் பயிலாத நாம் இதனை எழுத முன்வந்ததற்குக் காரணம், நாமே இழைத்த ஒரு தவறாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் கைத்தறி நெசவாளர் சங்கம் ஒன்றுக்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தோம். உற்பத்திப் பதிவேட்டைப் பெயர்வாரியாகப் பார்த்து வருகையில், ஒரு பெண் அங்கத்தினரின் பெயருக்கு நேரே எண்கள் மாதத்துக்கு மாதம் இறங்கிக்கொண்டே வந்திருந்தன. நாற்பது வயதுகூட நிரம்பாதவர் அவர். காரியதரிசி அவரை அழைத்துவந்து காரணம் கேட்டார். “காலையில எந்திரிச்சா கை மடங்கறதில்லைங்க ஐயா. வெயில் ஏறின பொறவுதான் தறியில உக்கார முடியுது” என்றார் அந்த அம்மையார். தறிக்காரிக்குக் கைவலி இல்லாமலிருக்குமா என்று அருகிலிருந்தோர் நகைத்தனர். நாமும் அவ்வாறே எண்ணினோம். “உற்பத்தி குறைவு, அங்கத்தினரை எச்சரிக்கை செய்க” என்று ஆய்வுக் குறிப்பில் எழுதிவிட்டு அடுத்த பெயருக்குச் சென்றோம்.

மூன்று ஆண்டுகள் கழித்து அதே சங்கத்துக்கு மீண்டும் செல்ல நேர்ந்தது. அவருடைய விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருந்தன. மணிக்கட்டுக்கள் வீங்கி இறுகியிருந்தன. பற்றுச் சீட்டில் கைநாட்டு வைத்தார். பழைய பக்கங்களிலோ அவருடைய கையொப்பம் அழகாக இருந்தது. கையெழுத்துத் தெரிந்தவர் பேனாவைப் பிடிக்கவியலாமல் கைநாட்டு வைப்பதைக் கண்டபோதுதான், முன்னர் நாம் எழுதிய ஒரு வரியின் பொருள் நமக்கே விளங்கிற்று. இடைப்பட்ட காலத்தில் கடைகளில் விற்கும் வலி மாத்திரைகளையும், ஊர் சுற்றி விற்பவர் ஒருவரிடம் வாங்கிய பொடியையும் உண்டு நாட்களைக் கடத்தியிருந்தார். பின்னர் அரசினர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லப்பட்டபோது, “இந்த விறைப்பு எந்த மாதத்தில் தொடங்கிற்று?” என்று டாக்டர் கேட்டாராம். அவருக்கு நினைவில்லை. ஆனால், நம் பதிவேட்டில் அந்த மாதம் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. எண்கள் இறங்கத் தொடங்கிய மாதந்தான் அது.

மூட்டு வலி என்பது ஒரே நோயன்று. வயது ஏறுகையில் முழங்காலில் காணும் மூட்டுத் தேய்வு ஒருவகை. நடந்தால் அதில் வலி மிகும், அமர்ந்தால் தணியும், காலையில் விறைப்பு இருப்பினும் பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து, இரவோடிரவாகக் கால் பெருவிரல் சிவந்து வீங்குகின்ற கவுட் என்பது வேறொரு வகை. சிக்குன்குன்யா காய்ச்சல் வந்து போன பின் மாதக்கணக்கில் நீடிக்கும் மூட்டு வலி இன்னொன்று. 2006-ஆம் ஆண்டில் நம் மாவட்டங்களில் அது பரவியதைப் பலரும் மறந்திருக்கமாட்டார்கள். நாம் இங்கே கூறவந்தது முடக்குவாதம். டாக்டர்கள் இதனை ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பர். வெளியிலிருந்து புகும் கிருமிகளை எதிர்த்துப் போராடவேண்டிய உடலின் காவற்சக்தியே, வேலி பயிரை மேய்ந்தாற்போல, மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால் விளைவது இந்நோய். சவ்வு தடித்து வீங்கி, அடுத்துள்ள குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. இரு கைகளின் விரல் மூட்டுக்களிலும் மணிக்கட்டுக்களிலும் ஒருங்கே வீக்கம் காண்பதும், காலையில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் விறைப்பு நீடிப்பதும், காரணமின்றி உடல் சோர்வதும் இதன் அறிகுறிகள். வயது வந்தோரில் இருநூறு பேருக்கு ஒருவர் முதல் நூறு பேருக்கு ஒருவர் வரையில் இந்நோய்க்கு ஆளாகின்றனர் என்பது பொதுவான மதிப்பீடு. ஆண்களைவிடப் பெண்களுக்கு இஃது இரண்டு மூன்று மடங்கு மிகுதி. ஆகவே, நானூறு அங்கத்தினரைக் கொண்ட சங்கத்தில் இரண்டு முதல் நான்கு பேர் வரை இருக்கக்கூடும். அவர்களுடைய பெயர்கள் நமக்கு நோயாளிகள் பட்டியலில் கிடைக்கமாட்டா. தவணை தவறியவர் பட்டியலில்தான் கிடைக்கும்.

இந்நோய்க்கு மருந்தே இல்லை என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருப்பதற்குப் பழைய வரலாறே காரணம். பன்னெடுங்காலம் வலியைக் குறைப்பதற்கு அப்பால் எதுவும் செய்ய இயலவில்லை. 1948-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் என்ற டாக்டர், நடக்கவியலாதிருந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தை ஊசி மூலம் செலுத்தினார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். உலகம் வியந்தது, 1950-இல் ஹென்ச்சுக்கும், கெண்டால், ரைக்ஸ்டைன் என்ற இரு விஞ்ஞானிகளுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆயினும் அதே மருந்தை மாதக்கணக்கில் மிகுதியாக உண்டவர்களுக்கு எலும்பு மெலிந்தது, முகம் ஊதிற்று, சர்க்கரை ஏறிற்று, தொற்று நோய்கள் எளிதில் பற்றின. இன்று டாக்டர்கள் ஸ்டீராய்டைக் குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு மட்டும், மற்ற மருந்துகள் வேலை செய்யத் தொடங்கும் வரையில் துணையாகக் கொடுக்கின்றனர். ஊர் சுற்றி விற்கப்படும் வாதப் பொடிகள் சிலவற்றில் இந்த ஸ்டீராய்டே இரகசியமாகக் கலந்திருந்தமை பன்முறை கண்டறியப்பட்டிருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிடும் பொடியைப் புகழ்வோர் இதனைக் கருத்திற்கொள்ளவேண்டும். வலி பறந்தாலும் மூட்டு அரிக்கப்படுவது நின்றுவிட்டதாகாது.

நோயின் வேகத்தையே தடுத்து மூட்டைக் காக்கும் மருந்து பின்னர் வந்தது. இன்று உலகெங்கும் முடக்குவாதத்துக்கு முதல் மருந்தாக வழங்கப்படுவது மெத்தோட்ரெக்ஸேட். இதன் வரலாறு நெசவாளர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது. பீமவரத்தில் 1895-ஆம் ஆண்டு பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். காந்தியடிகளின் சொற்கேட்டுக் கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். தகுதியையே அவர் பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று லெடர்லி ஆராய்ச்சிக் கூடத்தின் தலைமையை ஏற்றார். 1940-களில் அங்கே அவருடைய குழுவினர் ஃபோலிக் அமிலம் என்னும் வைட்டமினை ஆக்கியதோடு, அதற்கு எதிராக வேலை செய்யும் மருந்துகளையும் ஆக்கினர். மெத்தோட்ரெக்ஸேட் அவற்றில் ஒன்று. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கெனத் தோன்றிய மருந்துகள் இவை. 1951-இலேயே இவ்வகை மருந்தொன்று முடக்குவாதத்துக்கும் பயன்படுவது காணப்பட்டது. எனினும் அது பெரிதும் கவனிக்கப்படாமல் கிடந்து, 1988-இல்தான் மெத்தோட்ரெக்ஸேட்டை இந்நோய்க்கு வழங்க அமெரிக்க அரசாங்கம் அனுமதி அளித்தது. கதராடையின் பொருட்டுப் பட்டம் குறைக்கப்பட்டவரின் உழைப்பு இன்று நெய்கிறவர் கைகளைக் காப்பதற்கு வந்திருக்கிறது. சுப்பாராவ் 1948-இலேயே மறைந்துவிட்டார். இதனைக் காண அவர் இல்லை.

“இது புற்றுநோய் மருந்தாயிற்றே!” என்று அஞ்சி மாத்திரையை நிறுத்திவிடுவோர் பலர். புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் பெரிய அளவு வேறு. முடக்குவாதத்துக்கு வாரத்தில் ஒருமுறை கொடுக்கப்படும் ஏழரை முதல் 25 மில்லிகிராம் வரையிலான சிறிய அளவு வேறு. அஞ்சவேண்டியது வேறொன்றுக்கு. வாரத்துக்கு ஒருநாள் உண்ணவேண்டிய இம்மாத்திரையைத் தவறுதலாகத் தினமும் உண்டால் உயிருக்கே ஆபத்து நேரும். எனவே எந்தக் கிழமை என்பதைச் சீட்டிலும் சுவரிலும் எழுதிவைத்துக்கொள்ளவேண்டும். துணையாகக் கொடுக்கப்படும் ஃபோலிக் அமில மாத்திரையையும் டாக்டர் சொன்ன நாளில் உண்ணவேண்டும். இரத்தமும் கல்லீரலும் குறித்த காலங்களில் சோதிக்கப்படவேண்டும். மது கூடாது. கருவுற்ற பெண்களுக்கு இம்மருந்து ஆகாது. கருவுற எண்ணுவோர் முன்னதாகவே டாக்டரிடம் கூறிவிடவேண்டும். இவ்வளவு கட்டுப்பாடும் கடைப்பிடிக்கத் தக்கதுதானா என்று கேட்போருக்கு, வங்கிக் கடனுக்கு நாம் கடைப்பிடிக்கும் கட்டுப்பாடு இதனினும் மிகுதி என்றே விடை சொல்வோம்.

ஆயினும் மருந்து ஒன்றைக் கண்டதைவிடப் பெரிய முன்னேற்றம் வேறொன்று என்பது நமது கருத்து. ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியை, ஆய்வாளர் என்ற முறையில் நாம் மிகுந்த ஆர்வத்தோடு படித்தோம். நோய் தொடங்கி ஐந்து ஆண்டுகளுக்கு மேற்படாத 110 நோயாளிகளை அங்கே இரு கூறாகப் பிரித்தனர். ஒரு கூறினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றக் கூறினரை மாதந்தோறும் வரவழைத்து, வலிக்கும் மூட்டுக்கள் எத்தனை, வீங்கிய மூட்டுக்கள் எத்தனை என்று எண்ணி, இரத்தத்தையும் சோதித்து, நோயின் கடுமையை ஓர் எண்ணாகக் கணக்கிட்டனர். அவ்வெண் குறித்த அளவுக்குக் கீழே இறங்காவிடில், அடுத்த மாதம் வரையில் காத்திராமல் அன்றே மருந்தைக் கூட்டினர் அல்லது மாற்றினர். பதினெட்டு மாதங்களுக்குப் பின், மாதந்தோறும் கணக்குப் பார்க்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 65 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 16 பேருக்கே அடங்கியிருந்தது. விலையுயர்ந்த புதிய மருந்து எதுவும் அங்கே வழங்கப்படவில்லை. காலந்தவறாத கணக்கும், கணக்குக் காட்டியபடி உடனே நடவடிக்கையுமே இவ்வளவு வேற்றுமையை விளைவித்தன. மாதக் கணக்கின் அருமையைக் கூட்டுறவாளருக்கு எடுத்துரைக்கவேண்டியதில்லை.

இதற்கு முன்பாகவே செய்யவேண்டியது விரைவில் தொடங்குவது. அரிக்கப்பட்ட எலும்பு மீண்டும் வளர்வதில்லை. சேதத்தில் பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டுகளிலேயே நேர்ந்துவிடுகிறது. ஆகவேதான் மூட்டு வீக்கம் கண்ட ஆறு வாரங்களுக்குள் வாதநோய் நிபுணர் பார்க்கவேண்டும், மூன்று மாதங்களுக்குள் நோயைத் தடுக்கும் மருந்து தொடங்கவேண்டும் என்று ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்கள் கூடி வரையறுத்திருக்கின்றனர். கண்டறிவதற்கும் இன்று வழிகள் பெருகியிருக்கின்றன. ஆர்.ஏ. ஃபாக்டர் என்னும் பழைய இரத்தச் சோதனையோடு, சி.சி.பி. எதிர்ப்பொருள் என்னும் புதிய சோதனையும் சேர்ந்து தொடக்கத்திலேயே நோயைக் காட்டிக்கொடுக்க உதவுகிறது. ஆனால், சோதனை சாதகமாக வந்துவிட்டதென்று வீக்கத்தைப் புறக்கணித்துவிடலாகாது. இரத்தத்தில் காணப்படாமலே முடக்குவாதம் உள்ளோரும் உண்டு.

மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் போதாதவர்களுக்கு வேறு மருந்துகள் உள்ளன. பஞ்சாபில் பிறந்த ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் லண்டனில் ஆராய்ந்து, டி.என்.எஃப். என்ற ஒரு பொருளே வீக்கத்துக்கு முக்கிய காரணமாக இருப்பதைக் கண்டனர். அதனைத் தடுக்கும் ஊசி மருந்து 1992-இல் அங்கே முதன்முதலாக நோயாளிகளுக்குச் செலுத்தப்பட்டது. முடங்கிக் கிடந்த பலரை எழச் செய்த மருந்துகள் இவை என்பதில் ஐயமில்லை. எனினும் உள்ளே உறங்கிக்கிடக்கும் காசநோயை இவை எழுப்பிவிடக்கூடும். ஆதலால் நம் நாட்டில் காசநோய்ச் சோதனை செய்யாமல் இவற்றைத் தொடங்கலாகாது. 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டோஃபாசிட்டினிப் ஊசியின்றி மாத்திரையாகவே உண்ணத்தக்கது. அவ்வகை மருந்துகளால் இருதய நோயும் இரத்தக் கட்டும் சிலருக்கு நேரக்கூடும் என்று 2021-இல் அங்கேயே எச்சரிக்கை விடுக்கப்பட்டது. புதியது என்பதனாலேயே எல்லாருக்கும் ஏற்றது ஆகிவிடாது.

செலவைக் கண்டு மலைப்போருக்கு 2013-இல் வெளியான இன்னோர் ஆராய்ச்சி ஆறுதல் தரும். மெத்தோட்ரெக்ஸேட்டால் மட்டும் குணம் காணாத 353 பேரில் ஒரு சாராருக்கு அதனோடு விலையுயர்ந்த ஊசி மருந்து சேர்க்கப்பட்டது. மற்றொரு சாராருக்கு சல்ஃபாசலசின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்னும் இரு பழைய மலிவான மருந்துகள் சேர்க்கப்பட்டன. குணம் காணாதவர்களுக்கு இடையில் மருந்தை மாற்றியும் கொடுத்தனர். 48 வாரங்களின் முடிவில், மூன்று எளிய மருந்துகளில் தொடங்கிய வழி மற்றதற்குக் குறைந்ததன்று என்பது வெளிப்பட்டது. தனித்தனியே சிறியவை கூடிநின்று பெரியதன் காரியத்தைச் செய்வது நமக்குப் புதிய செய்தியன்று.

நெசவாளருக்குத் தனியே ஒரு சொல். மலேசியாவில் புதிதாக முடக்குவாதம் கண்ட 910 பெண்களையும், அந்நோயில்லாத 910 பெண்களையும் ஒப்பிட்ட ஆராய்ச்சி ஒன்று 2016-இல் வெளியாயிற்று. தொழிலில் துணித் தூசுக்கு ஆளான பெண்களிடையே இந்நோய் ஏறக்குறைய மூன்று மடங்கு மிகுந்திருந்தது. இதனால் தறி நோயைத் தருகிறது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். தறியில் அமர்வோரில் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதேயில்லை. ஆயினும் நூல் தூசு பறக்கும் அறைக்குக் காற்றோட்டம் அமைப்பதும், தூசைப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடைப்பதும், மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வதும் அறிவுடைமையாகும். புகை பிடிப்பது இந்நோயின் வாய்ப்பை மிகுவிக்கிறது என்பது உறுதியாகத் தெரிந்த செய்தி. தறிக்கூடத்தில் பீடி கூடாது என்பதற்கு நெருப்பு ஒன்றே காரணமன்று.

சங்கம் ஆஸ்பத்திரியன்று, நோய்க்கும் நிர்வாகக் குழுவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நியாயமான கேள்வியே. சங்கம் சிகிச்சை செய்யவேண்டுமென்று நாமும் சொல்லவில்லை. கடனைக் கொடுக்கையில் ஆளைப் பார்த்தே கொடுக்கிறோம். உற்பத்தி இறங்குவதை முதலில் அறிவதும் நாமே. நோயின் முதல் அறிகுறி டாக்டரின் சீட்டில் ஏறுவதற்கு முன்பே நமது பதிவேட்டில் ஏறிவிடுகிறது. அதனை அறிந்தும் எச்சரிக்கைக் கடிதம் மட்டும் அனுப்புவது, கூட்டுறவு என்ற பெயருக்குப் பொருந்துமா?

ஆகவே, சங்கங்கள் செய்யத்தக்கவை என்று நாம் கருதுபவை நான்கு. முதலாவது, மூன்று மாதம் தொடர்ந்து உற்பத்தி இறங்கிய அங்கத்தினருக்கு நோட்டீசு அனுப்புமுன் காரியதரிசி அவரை நேரில் கண்டு, “காலையில் கை மடங்குகிறதா? எவ்வளவு நேரத்தில் விறைப்பு விடுகிறது? மூட்டில் வீக்கம் உண்டா?” என்று கேட்கவேண்டும். இரண்டாவது, வீக்கமும் நீண்ட விறைப்பும் உள்ளவரை, வாதநோய்ச் சிகிச்சை உள்ள அரசினர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத் தாமதமின்றி அனுப்பவேண்டும். சுப்பாராவ் பயின்ற சென்னை மருத்துவக் கல்லூரியில் இன்று இந்நோய்களுக்கெனவே தனித்துறை இயங்கிவருகிறது. மூன்றாவது, ஏழை அங்கத்தினரின் பஸ் கட்டணத்தையேனும் பொது நல நிதியிலிருந்து கொடுக்கத் தீர்மானம் நிறைவேற்றவேண்டும். மருந்து ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைத்தாலும், ஒருநாள் கூலியும் பஸ் கட்டணமும் இல்லாமையால் மாதச் சோதனைக்குப் போகாமல் நின்றுவிடுவோர் உண்டு. நான்காவது, சிகிச்சை தொடங்கிப் பலன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகுமாதலால், அதுவரையில் கடன் தவணையை நீட்டிக் கொடுக்கவேண்டும். விவசாயச் சங்கங்களுக்கும் இவை அப்படியே பொருந்தும். நாற்று முடியை அவிழ்க்கவியலாத விரல்களும் இதே விரல்கள்தாம்.

முழங்கால் தேய்வும் கவுட்டும் உள்ளோர் இதைப் படித்து மனம் தளரவேண்டாம். தேய்வுக்குத் தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் உடல் எடையைக் குறைப்பதும் நன்மை செய்யும். முற்றிய நிலையில் மாற்று மூட்டு பொருத்தப்படுகிறது. கவுட்டுக்கு யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மலிவான மாத்திரை 1960-கள் முதலே கிடைத்துவருகிறது. எது எந்த நோய் என்று தெரிந்துகொண்டால்தான் அதற்குரிய வழி கிடைக்கும். எல்லாவற்றையும் ‘வாதம்’ என்ற ஒரே பற்றுக்கணக்கில் எழுதிவிட்டால் எதுவும் தீராது.

நாம் முன்னர்க் குறிப்பிட்ட அம்மையார் இப்போது வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை மாத்திரை உண்டுவருகிறார். வீக்கம் வடிந்துவிட்டது, வலி பெரும்பாலும் இல்லை. சாய்ந்த விரல்கள் சாய்ந்தே இருக்கின்றன. தறியில் அமர்வதற்கில்லை, சங்கத்தில் நெய்து வரும் துணிகளைப் பார்த்துக் குறை சொல்லும் வேலையைச் செய்துவருகிறார். சென்ற முறை சென்றபோது, நாம் எழுதிய பழைய ஆய்வுக் குறிப்பின் அருகே, “அங்கத்தினர் நோயுற்றிருந்தார், குறிப்பு தவறு” என்று எழுதித் தேதியிட்டுக் கையொப்பமிட்டோம். தணிக்கை விதிகளில் இதற்கு இடமுண்டோ இல்லையோ, நமக்கு அது அவசியமெனத் தோன்றிற்று.

இந்த மாதம் உற்பத்திப் பதிவேட்டைத் திறக்கும் காரியதரிசிகள், இறங்கிவரும் எண் எதனையேனும் கண்டால், பேனாவை எடுக்குமுன் அந்த அங்கத்தினரின் கையைப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.